பணியாரத்துக்கென்று ஒரு மாவு

அடுக்களைக் கணக்கு – 11

நம் வீடுகள் பலவற்றில் குழிப்பணியாரம் என்பது மாவின் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை அரைத்தது திங்களன்று இட்லி, செவ்வாயன்று தோசை, புதனன்று ஊத்தப்பம். வியாழக்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தால் பாத்திரத்தின் அடியில் நாலு கரண்டி மாவு தண்ணீர் பிரிந்து கிடக்கும். கொட்ட மனசு வராது. கொஞ்சம் ரவையைக் கலந்து, ஒரு பிடி வெங்காயமும் இரண்டு பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, தாளித்துக் கொட்டினால் பணியாரச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். பிள்ளைகள் தட்டை நீட்டுவார்கள். மாவும் வீணாகவில்லை.

இதைக் குறை சொல்ல வரவில்லை. சிக்கனமும் சமையலில் சேர்த்திதான். ஆனால் இந்த வியாழக்கிழமைப் பணியாரத்தை மட்டுமே தின்று வளர்ந்தவர்களுக்கு, புளிப்பை வெங்காயத்தால் மறைத்த உருண்டைதான் பணியாரம் என்ற எண்ணம் நிலைத்துவிடுகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அதற்கு அரிசி தனியாக ஊறும். அளவும் வேறு, அரைக்கிற பதமும் வேறு. விருந்தாளிக்குச் சாயங்காலம் இடைப்பலகாரம் என்று எடுத்து வைப்பவற்றில் பணியாரத்துக்கு மரியாதையான இடம் உண்டு. அந்த மரியாதையை நம் அடுக்களைகளும் மாதம் ஒருமுறையாவது கொடுக்கலாம் என்பதுதான் இந்த வாரம் என் கட்சி.

பழைய மாவில் என்ன குறை? போன வாரம் இட்லி மாவு பொங்குவதைப் பேசியபோது பாதியில் நிறுத்தியதை இங்கே தொடர்கிறேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்டைன்கிராஸ், அவருடன் முகர்ஜி முதலியோர், இட்லி மாவில் எந்தெந்த நுண்ணுயிர் எந்த வேளையில் பெருகுகிறது என்று பார்த்து 1965-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவைப் பொங்க வைப்பது லூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா. அது மாவிலிருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. கூடவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற இன்னொன்று வளர்கிறது. பிற்பாடு பீடியோகாக்கஸ் வந்து சேர்கிறது. இந்த இரண்டும் புளிப்பைக் கூட்டும், பொங்க வைக்காது.

ஆக, முதல் ராத்திரி பொங்கலும் புளிப்பும் சேர்ந்தே வருகின்றன. அதற்குப் பிறகு புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஃப்ரிட்ஜ் அதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. நாளுக்கு இரண்டு வேளை கரண்டியை விட்டுக் கலக்கக் கலக்க, உள்ளே பிடித்திருந்த காற்றும் வெளியேறிவிடும். வியாழக்கிழமை மாவுக்கு ஆப்ப சோடா தேவைப்படுவது இதனால்தான்.

அதே கட்டுரையில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. இந்த நுண்ணுயிர்களை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அரிசியும் உளுந்தும் ஊறும்போதே அவை பெருகத் தொடங்கிவிடுகின்றன. உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே தெளித்து அரைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறதே, அந்தப் பாட்டிகள் இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் அல்லர். ‘அவள் கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும்’ என்ற கைராசிப் பேச்சுக்கு மட்டும் இதில் ஆதாரம் கிடைக்காது. கையால் கரைப்பது நல்லதுதான். உப்பும் மாவும் சீராகக் கலக்கும், கையின் சூடும் கொஞ்சம் உதவும்.

இனி அளவு. கிரைண்டரில் அரைக்கும் இட்லிக்குப் பொதுவாக நாலு பங்கு புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. பணியாரத்துக்கு நான் எடுப்பது ஒரு தம்ளர் இட்லி அரிசி, ஒரு தம்ளர் பச்சரிசி, மூன்றில் ஒரு தம்ளர் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். அதாவது ஆறுக்கு ஒன்று; அரிசியிலும் பாதி பச்சரிசி. அரைத் தம்ளர் உளுந்து வரைக்கும் போகிறவர்களும் உண்டு, சண்டைக்கு வரமாட்டேன்.

உளுந்தை ஏன் குறைக்கிறோம் என்பது தெரிந்தால் அளவை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உளுந்தில் இருக்கும் ஒருவகைப் புரதமும், அரைத்தால் விரலில் இழுபடும் அந்தப் பசையும் சேர்ந்துதான் வாயுக் குமிழ்களை மாவுக்குள் பிடித்துவைக்கின்றன. இட்லி ஆவியில் வேகிறது. அதற்கு ஓடு வேண்டாம், மென்மை போதும். பணியாரம் எண்ணெய் தடவிய இரும்பில் வேகிறது. வெளியே மெல்லிய தோல் ஒன்று மொறுமொறுவென்று கட்டவேண்டும், உள்ளே மெத்தென்று இருக்கவேண்டும். உளுந்து கூடினால் தோல் கட்டாது, எண்ணெய் குடிக்கும், தட்டில் வைத்த சற்று நேரத்தில் சுருங்கித் தொய்ந்துவிடும். குறைந்தாலோ கோலிக்குண்டு. தோல் சிவக்கப் பச்சரிசி வேண்டும். புழுங்கல் அரிசியின் மாவுச்சத்து நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து இறுகியது. அது உள்ளே மென்மையைத் தரும். இரண்டையும் சரிபாதி போடுவதன் கணக்கு இதுதான்.

செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரத்துக்கு இதைவிட அழகான அளவு ஒன்று இருக்கிறது. தம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. தம்ளர் பெரிதோ சிறிதோ, தராசே வேண்டாம். ஆனால் அந்த மாவு புளிப்பதில்லை. ஊறவைத்து, அரைத்து, அன்றைக்கே எண்ணெயில் ஊற்றி எடுப்பது. பெயரால் மட்டும் சொந்தம் என்பதால் அதை இன்னொரு வாரத்துக்கு ஒதுக்குகிறேன்.

உளுந்து வாங்கும்போது பழசா புதுசா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது உளுந்து மாவு நன்றாகக் காணும்; வருஷக் கணக்கில் டப்பாவில் கிடந்தது எவ்வளவு ஆட்டினாலும் எழும்பாது. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நெல் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுத்த பிறகு தாளுக்கு நடுவே உளுந்து தழைக்கும். தனியாக உழவு கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தை, மாசிப் பனியுமே போதும். ஆடுதுறை 3 என்ற ரகம் இந்த நெல் தரிசுக்கு ஏற்றதென்று பேர் வாங்கியது. வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து வைத்து, அடுத்த நெல்லுக்கும் கொஞ்சம் விட்டுச் செல்லும். அரிசியும் உளுந்தும் நம் பாத்திரத்தில் சேருமுன்பே ஒரே வயலில் அடுத்தடுத்து விளைந்தவை. பங்குனி, சித்திரையில் கடைக்கு வரும் புதுச் சரக்கைக் கேட்டு வாங்கினால் வித்தியாசம் மாவிலேயே தெரியும்.

அரிசிக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். இட்லி அரிசி என்று கடையில் விற்கும் குண்டு ரகங்கள், அம்பை 16, ஆடுதுறை 37 போன்றவை, எதுவும் சரிதான். பச்சரிசி மட்டும் பாஸ்மதி மாதிரி வாசனை ரகமாக இருக்கவேண்டாம்.

இரண்டு அரிசியையும் வெந்தயத்தோடு சேர்த்து நாலு மணி நேரம் ஊறவிடுங்கள். உளுந்துக்கு இரண்டு மணி நேரம் போதும். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைக்கவேண்டும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும், அதுதான் பதம். கோயம்புத்தூரில் பிறந்த கிரைண்டர் வீட்டில் இருந்தால் கவலையில்லை; கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாகாது, காற்றும் உள்ளே சேரும். மிக்ஸிதான் என்றால் குளிர்ந்த தண்ணீரை விட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். உளுந்தையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அரிசியை இட்லிக்கு விடும் ரவைப் பதத்தைவிட நைசாக, ஆனால் தோசை மாவு அளவுக்குப் போகாமல் எடுக்கவேண்டும். மாவு கெட்டியாகவே இருக்கட்டும். கரண்டியிலிருந்து விழும்போது மடிந்து விழவேண்டும், ஓடக்கூடாது. தளர்ந்த மாவு குழியில் ஊற்றியதும் மேலெழும்பாமல் பக்கவாட்டில் பரவும். திருப்பினால் உருண்டை வராது, தொப்பிதான் வரும்.

உப்புப் போட்டுக் கரைத்து மூடி வையுங்கள். சென்னையில் சித்திரை மாதம் ஆறு, ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஊட்டியிலோ பெங்களூர் மார்கழியிலோ ராத்திரி முழுக்க வைத்தாலும் அரைமனசாகத்தான் எழும்பும். அங்கெல்லாம் வெந்நீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி வைப்பது உண்டு. பணியார மாவு இட்லி மாவைப்போல விளிம்புவரை வரவேண்டியதில்லை. ஒன்றரைப் பங்கு எழும்பி, ஓரத்தில் குமிழ்கள் தெரிந்து, மோந்து பார்த்தால் இளம்புளிப்பாக இருந்தால் அதுதான் சுடுவதற்கான வேளை. அந்த வேளை தவறினால் நேரே ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள்.

சட்டியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நான்-ஸ்டிக் சட்டியில் பணியாரம் ஒட்டாமல் வரும், நிறமும் வரும், ஆனால் அந்தத் தோல் வராது. வார்ப்பிரும்பின் கனம்தான் சூட்டைப் பிடித்துவைத்து, ஈர மாவு விழுந்ததும் குளிர்ந்துபோகாமல் சுடுகிறது. புதுச் சட்டியை வடிகஞ்சியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, ஒன்றிரண்டு முறை வெங்காயம் வதக்கிப் பழக்கவேண்டும். பழகும்வரை முதல் ஈடு ஒட்டத்தான் செய்யும். அதை வீட்டில் யார் தலையில் கட்டுவது என்பது உங்கள் சாமர்த்தியம். பழகிய பிறகு சோப்பும் கம்பி நாரும் அதன் பக்கம் போகக்கூடாது.

ஏழு குழிச் சட்டி என்றால் நடுக்குழிக்கு நெருப்பு அதிகம். அதனால் ஓரக்குழிகளில் முதலில் ஊற்றி, நடுவில் கடைசியாக ஊற்றுங்கள். குழிக்கு அரை டீஸ்பூன் நல்லெண்ணெய், முக்கால் குழி மாவு. மூடிபோட்டு, தீயை மிதமாக வைத்து இரண்டு மூன்று நிமிடம். மேல்பக்கத்தின் ஈரம் முக்கால்வாசி வற்றி, ஓரம் தானாகக் குழியை விட்டு விலகும்போது கம்பியால் ஓரத்தில் குத்தி ஒரு சுழற்று. நன்றாகப் பொங்கிய மாவானால் தானே உருண்டு திரும்பும். திருப்பிய பிறகு மூடவேண்டாம். ஆவி தங்கினால் தோல் நமர்த்துவிடும்.

காரப் பணியாரத்துக்குத் தாளிப்பு எளிது: கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பொடியாய் நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பல்லுப்பல்லாய்க் கீறிய தேங்காய். தாளித்ததை ஆறவைத்து, சுடுகிற அளவு மாவில் மட்டும் கலக்கவேண்டும். வெங்காயத்தை ஒரு பிடிக்குமேல் போகவிடாதீர்கள். இந்த மாவில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. தொட்டுக்கொள்ள வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி அரைத்த காரச்சட்னி. தேங்காய்ச் சட்னியும் வைப்பார்கள், எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

இனிப்புக்கு வெல்லத்தைக் கொஞ்சமே தண்ணீர்விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே மாவில் சேருங்கள். சூடாக ஊற்றினால் மாவு வெந்து திரிந்துவிடும். பாகு சேர்ந்தால் மாவு தளரும் என்பதை முன்பே கணக்கில் வைத்து, அந்தப் பங்கை இன்னும் கெட்டியாக எடுத்து வைக்கவேண்டும். ஏலக்காய், துருவிய தேங்காய், எண்ணெய்க்குப் பதில் நெய். வெல்லம் சீக்கிரம் கருகும் என்பதால் தீயை இன்னும் ஒரு படி குறையுங்கள். மாவின் இளம்புளிப்பு வெல்லத்தின் திகட்டலை அடக்கிவிடும். சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையை மறப்பது இதில்தான். கருப்பட்டி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

மாவு மிஞ்சினால் மறுநாள் கல்லில் தடிமனாக ஊற்றி, மூடிபோட்டு எடுங்கள். ஆறுக்கு ஒன்று மாவில் இட்லி ஊற்றிப் பார்க்கவேண்டாம், கல்லாகத்தான் வரும்.

அடுத்த வாரம் ஆப்பம். கள் ஊற்றி மாவைப் பொங்கவைத்த காலத்திலிருந்து தொடங்கலாம்.