பழைய காரா? புதிய காரா?

ஓட்டும் சுகம் பழைய காரிலா, புதிய காரிலா? ஜார்ஜ் டவுனில் கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்த விவாதம் சூடு பிடித்துவிடும்.

பழைய கட்சி 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பைக் காட்டும். மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகம். வழுக்கினால் காப்பாற்ற ஓட்டுபவரின் கையும் காலும்தான். புதிய கட்சி 1978-ஐ எடுத்துச் சொல்லும். மெர்சிடிஸ் எஸ் கிளாசில் மின்னணு ஏபிஎஸ் வந்த ஆண்டு அது. பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் இறுகி நின்றுவிடாது. ஸ்டியரிங் சொன்ன பக்கம் கார் திரும்பும்.

பினாங்குத் தீவில் மூன்றாவது கட்சியும் உண்டு: கடற்காற்று. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துத் தகட்டிலேயே பிடித்து வைக்கும். துரு அரிக்கத் தொடங்கும். போர்ஷ 911-இன் உடல் முழுவதும் துத்தநாகப் பூச்சு பெற்றது 1970-களின் நடுவில்தான். அதற்கு முந்தைய கார்களுக்கு, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதும் கதவடித் துளைகள் அடைபடாமல் பார்ப்பதுமே மருந்து.

புதியதற்கும் நோய் உண்டு. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடலாம். கணினிப் பலகை கெட்டு, மாற்று கிடைக்காவிட்டால் கார் நின்றதுதான்.

ஆகவே தீர்ப்பு: பாதுகாப்பில் புதியது, பழுது பார்ப்பதில் பழையது. ஆனால், கார்புரேட்டர் தெரிந்த பட்டறைக்காரரிடம் இளைஞர்கள் தொழில் கற்காவிட்டால், பழையது வென்றும் பயனில்லை.