லிஃப்ட் கதவு திறந்தது... உள்ளே பெட்டி இல்லை! ஒரு சின்ன கொக்கி சொல்லும் பாதுகாப்புப் பாடம்

எங்கள் ஆச்சிக்கு வயது 78. முட்டி வலிக்குக் கைத்தடி வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு மாலை கோயிலுக்குக் கிளம்பியவர், மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவின் கைப்பிடியை இழுத்தார். கதவு வழக்கம்போலத் திறந்தது. ஆச்சி எப்போதும் கால் வைக்கும் முன்பு தடியைத்தான் ஊன்றுவார். அன்று ஊன்றிய தடிக்குத் தரை தட்டுப்படவில்லை. லிஃப்ட் பெட்டி கிரவுண்ட் ஃப்ளோரில் நின்றிருந்தது. ஆச்சிக்கு முன்னால் இருந்தது மூன்று மாடி ஆழமுள்ள இருட்டுப் பள்ளம்.

"ஏலே, இங்கன வாடா... லிஃப்ட்டைக் காணும்டா!" என்று அவர் கத்திய கத்தலில் நான் ஓடினேன். ஒரு கையில் கதவையும் மறு கையில் தடியையும் பிடித்தபடி நின்றிருந்தார். அந்தத் தடி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

லிஃப்ட் என்றாலே கயிறு அறுந்து பெட்டி கீழே விழுந்துவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். நாம் தினமும் கடந்து போகும் கதவையும், அதன் உள்ளே ஒளிந்திருக்கும் பூட்டையும் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அன்றைக்குப் பிறகு நான் யோசித்தேன், விசாரித்தேன், படித்தேன். அதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கதவு கேட்கும் இரண்டு கேள்விகள்

மறுநாள் மெக்கானிக் வந்தார். மூன்றாவது மாடிக் கதவின் மேல் சட்டத்தில் இருந்த மூடியைக் கழற்றி, "தம்பி, இங்க பாருங்க" என்று காட்டினார். உள்ளே இருந்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பூட்டு. அதில் ஒரு இரும்புக் கொக்கி, ஒரு சின்ன உருளை, சில ஒயர்கள்.

லிஃப்ட் நகர்வதற்கு முன் ஒவ்வொரு மாடிக் கதவும் இரண்டு கேள்விகளுக்கு 'ஆமாம்' சொல்ல வேண்டும். கதவு மூடியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. பூட்டின் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தனித்தனி மின்தொடர்பு உண்டு. எல்லா மாடிகளின் தொடர்புகளும் பழைய சீரியல் பல்பு செட்போல ஒரே வரிசையில் கோக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று விட்டுப்போனாலும் லிஃப்ட் நகராது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'இன்டர்லாக்'.

கொக்கி எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதற்குக்கூட அளவு இருக்கிறது. ஐரோப்பியத் தரவிதியான ஈ.என் 81-20 குறைந்தது 7 மில்லிமீட்டர் என்கிறது. பக்கவாட்டில் நகரும் கதவின் பூட்டு 1,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 100 கிலோ எடை இழுப்பதற்குச் சமம். எங்கள் ஃபிளாட்டில் இருப்பதுபோல இழுத்துத் திறக்கும் கதவு என்றால் அதைப்போல மூன்று மடங்கு. நம் நாட்டில் பி.ஐ.எஸ் 2022ல் வெளியிட்ட ஐ.எஸ் 17900 தரவிதியும் இந்தப் பாதையை ஒட்டியதுதான்.

அப்படியென்றால் கதவு எப்போது திறக்கும்? பெட்டி அந்த மாடிக்கு வந்து நின்ற பிறகுதான். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். பெட்டி ஓடும்போது அது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். மாடிக்கு வந்ததும் வெளியே நீண்டு, பூட்டில் உள்ள உருளையைத் தள்ளும். உடனே கொக்கி விலகும். ஆக, மாடிக் கதவைத் திறக்கும் சாவியைப் பெட்டியே சுமந்துகொண்டு வருகிறது. பெட்டி இல்லாத மாடியில் சாவியும் இல்லை.

தானாகத் திறக்கும் ஆட்டோமேட்டிக் கதவிலும் கதை இதுதான். மாடியில் இருக்கும் கதவுக்குத் தனி மோட்டார் கிடையாது. பெட்டியின் கதவில்தான் மோட்டார் இருக்கிறது. அது வந்து மாடிக் கதவைக் கவ்வி, பூட்டை விடுவித்து, கூடவே இழுத்துத் திறக்கிறது.

அந்த ஒரு துண்டு ஒயர்

பிறகு எப்படி எங்கள் ஆச்சிக்குக் கதவு திறந்தது?

மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். கொக்கி தேய்ந்துபோய், பள்ளத்துக்குள் விழாமல் வெளியிலேயே நின்றிருந்தது. விதிப்படி லிஃப்ட் ஓடவே கூடாது. ஆனால், இரண்டாவது கேள்விக்கான மின்தொடர்பின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் யாரோ இணைத்து வைத்திருந்தார்கள். கொக்கி விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்த ஒயர் 'ஆமாம், ஆமாம்' என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"யாருண்ணே இப்படிப் பண்ணினது?" என்று கேட்டேன்.

"யாரா வேணா இருக்கலாம் தம்பி. பூட்டு தகராறு பண்ணி லிஃப்ட் நிக்கும். ஸ்பேர் வர ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள 'எங்க வீட்ல வயசானவங்க இருக்காங்க, எப்படியாவது ஓட வைப்பா'ம்பாங்க. ஒயரைப் போட்டா ஓடிடும். அப்புறம் ஸ்பேர் வந்தாலும் ஒயரை எடுக்க மறந்துடுவாங்க."

எங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அதற்கு மூன்று வாரம் முன்பு, 'லிஃப்ட்டை இன்று மாலைக்குள் சரி செய்யுங்கள், இல்லையென்றால் மெயின்டனன்ஸ் தர மாட்டோம்' என்று ஒரு மெசேஜ். அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பழுது பார்ப்பவருக்குத் தற்காலிகமாகக் கதவுத் தொடர்பைத் தாண்ட வேண்டிய தேவை உண்மையிலேயே வரும். அதற்குத்தான் புதிய தரவிதிகளில் ஒரு முறையான வழி இருக்கிறது. கன்ட்ரோல் பெட்டியிலேயே இதற்கென்று தனி ஸ்விட்ச். அதைப் போட்டால் லிஃப்ட் பயணிகளின் பட்டனுக்குக் கட்டுப்படாது. மெக்கானிக்கின் சோதனை முறையில் மட்டும், மெதுவாக ஓடும். ஓடும்போது மணி அடிக்கும், விளக்கு மின்னும். மறந்துவிட்டுப் போக முடியாது. கூடவே, கதவு திறந்திருக்கும் நேரத்திலும் 'மூடியிருக்கிறது' என்று தகவல் வந்தால், லிஃப்ட் தானாகவே சந்தேகப்பட்டு நின்றுவிடும். பழைய லிஃப்ட்களில் இந்த வசதி இருக்காது. எங்கள் லிஃப்ட்டிலும் இல்லை.

பூட்டு சரிதான்... ஆனால் இடைவெளி?

இப்போது தனி வீடுகளிலும் இரண்டு, மூன்று மாடிக்கு ஹோம் லிஃப்ட் வைக்கிறார்கள். அங்கே இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது.

2021ல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், கடற்கரையோர வாடகை விடுமுறை வீடு ஒன்றில் 7 வயதுச் சிறுவன் ஹோம் லிஃப்ட்டில் சிக்கி இறந்தான். அங்கே இத்தகைய விபத்துகள் பற்றி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏற்கெனவே எச்சரித்திருந்தது. காரணம், இரண்டு கதவுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி.

இந்த வகை லிஃப்ட்களில் வெளியே அறைக் கதவு மாதிரி ஒரு கதவு, உள்ளே மடங்கும் கேட். இரண்டுக்கும் நடுவில் இடம் அதிகமாக இருந்தால் ஒரு குழந்தை அதில் நின்றுகொள்ள முடியும். வெளிக்கதவு மூடிவிடும், கொக்கியும் சரியாக விழும். உள் கேட்டும் மூடியிருக்கும். பூட்டைப் பொறுத்தவரை எல்லாமே சரி. யாராவது பட்டனை அழுத்தினால் பெட்டி நகரத் தொடங்கிவிடும். கதவு மூடியிருக்கிறதா என்பது பூட்டுக்குத் தெரியும். நடுவில் குழந்தை நிற்பது அதற்குத் தெரியாது.

அமெரிக்க விதியில் இந்த இடைவெளி முன்பு 5 அங்குலம் வரை இருக்கலாம் என்றிருந்தது. பிறகு அதை 4 அங்குலமாகக் குறைத்தார்கள். வட கரோலைனா 2022ல் வாடகை விடுமுறை வீடுகளின் லிஃப்ட்டுகளுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. இடைவெளி அதிகமுள்ள பழைய லிஃப்ட்டில், வெளிக்கதவின் உள்பக்கத்தில் தடுப்புப் பலகை பொருத்தி அதை நிரப்பலாம். உங்கள் வீட்டில் ஹோம் லிஃப்ட் இருந்தால், இன்றைக்கே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

சாம்பார் வாளி போகும் லிஃப்ட்

கல்யாண மண்டபங்களிலும் மாடி ஹோட்டல்களிலும் சமையலறையிலிருந்து சாப்பாடு ஏற்றும் சின்ன லிஃப்ட்டைப் பார்த்திருப்பீர்கள். 'டம்ப் வெயிட்டர்' என்பது அதன் பெயர். ஆள் ஏறாத லிஃப்ட்தானே என்று இதன் கதவில் பலரும் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பிய விதிப்படி இது அதிகபட்சம் 300 கிலோ சுமக்கலாம். பெட்டியின் உயரம் 1.2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆள் உள்ளே ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அளவு. ஆனால் இங்கே ஆபத்து ஏறுவதில் இல்லை, எட்டிப் பார்ப்பதில் இருக்கிறது.

பந்தி நடக்கும் நேரம். மேலே ரசம் தீர்ந்துவிட்டது. பரிமாறுபவர் ஷட்டரைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, "அண்ணே, ரசம் அனுப்புங்க!" என்று கத்துகிறார். ஷட்டரில் பூட்டு இல்லையென்றால், பெட்டி எந்த மாடியில் இருந்தாலும் அது திறக்கும். சில இடங்களில் வெறும் ஸ்விட்ச் மட்டும் வைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் பெட்டி நிற்கும், அவ்வளவுதான். அந்த ஸ்விட்சும் மாவும் எண்ணெயும் படிந்து சிக்கிக்கொண்டால், தலை உள்ளே இருக்கும்போதே பெட்டி வரும். பெட்டி வந்தால் மட்டுமே திறக்கும் பூட்டு, திறந்தால் ஓடவிடாத ஸ்விட்ச், இரண்டும் இருந்தால்தான் பாதுகாப்பு. கீழே ஆளைக் கூப்பிட ஒரு இன்டர்காம் வைத்துவிட்டால், எட்டிப் பார்க்கும் வேலையே இல்லை.

ஒரு முடிதிருத்தும் கலைஞரின் யோசனை

ஆரம்ப கால லிஃப்ட்களில் மாடிக் கதவை மூடுவது ஆபரேட்டரின் பொறுப்பு. சில நேரம் பயணிகளே மூட வேண்டும். மறந்தால், அடுத்து வருபவர் பள்ளத்தில் விழுவார். எலிஷா ஓடிஸ் 1854ல் நியூயார்க்கில், கயிற்றை அறுத்தாலும் விழாத லிஃப்ட்டைக் காட்டி உலகத்தை அசத்தினார். ஆனால் கதவுப் பிரச்னை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

இதற்குத் தீர்வு தேடியவர்களில் ஒருவர் அலெக்ஸாண்டர் மைல்ஸ். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், டுலூத் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்த கறுப்பினத்தவர். பெட்டி வந்து போகும்போதே மாடிக் கதவுகள் தானாகத் திறந்து மூடும் அமைப்புக்கு 1887 அக்டோபரில் காப்புரிமை பெற்றார். கதவை மூடுவதை மனிதனின் ஞாபகத்தை நம்பி விடக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

மாட்டிக்கொண்டால் கதவை நெம்பாதீர்கள்

கரன்ட் போய் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், நாம் செய்யும் முதல் தவறு கதவை நெம்புவது. பெட்டி மாடித் தரைக்கு மேலே நின்றிருந்தால், பெட்டியின் அடிக்கும் தரைக்கும் நடுவில் பள்ளம் திறந்திருக்கும். அங்கிருந்து குதித்து இறங்குபவர் கால் வழுக்கினால், நேராக அந்தப் பள்ளத்துக்குள்தான். பெட்டியில் காற்றுப் போக வழி உண்டு, மூச்சு முட்டாது. அலாரத்தை அழுத்திவிட்டு, போனில் தகவல் சொல்லிவிட்டு, உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

வெளியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மாடிக் கதவில் சின்ன முக்கோணத் துளை இருக்கும். அவசரச் சாவிக்கான இடம் அது. பயிற்சி பெற்றவர், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். பல ஃபிளாட்களில் அந்தச் சாவி வாட்ச்மேன் மேஜையில் பைக் சாவியோடு கிடக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* பெட்டி வேறு மாடியில் இருக்கும்போது, வெளியே நின்றபடி கதவு திறக்கிறதா என்று மெக்கானிக்கை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மாடி விடாமல் எல்லா மாடியிலும். நீங்களே இழுத்துப் பார்க்க வேண்டாம்.

* ஒவ்வொரு சர்வீஸின்போதும், 'கதவுத் தொடர்பு எதுவும் ஒயர் போட்டு இணைக்கப்படவில்லை' என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

* தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997ன்படி லிஃப்ட் அமைக்க அனுமதியும், இயக்க உரிமமும் வேண்டும். இதைக் கவனிப்பது அரசின் மின் ஆய்வுத் துறை. உங்கள் அசோசியேஷன் உரிமத்தைப் புதுப்பித்திருக்கிறதா என்று கேளுங்கள்.

* பழைய மடக்கு கேட் லிஃப்ட் என்றால், குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். கம்பி இடுக்கில் கை, கால் போக இடம் உண்டு.

* கதவு திறந்ததும் போனைப் பார்த்துக்கொண்டே நுழையாதீர்கள். முதலில் தரையைப் பாருங்கள்.

* பூட்டு பழுது என்றால் லிஃப்ட் நிற்கட்டும். 'எப்படியாவது ஓட வையுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் லிஃப்ட்டுக்குப் புதுப் பூட்டு வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் லிஃப்ட்டை நிறுத்தியே வைத்தோம். இந்த முறை குரூப்பில் யாரும் முணுமுணுக்கவில்லை. மற்ற மாடிகளையும் சோதித்ததில், முதல் மாடிப் பூட்டும் தேய ஆரம்பித்திருந்தது. அதையும் மாற்றினோம்.

ஐந்தாம் நாள் ஆச்சி மறுபடி கோயிலுக்குக் கிளம்பினார். "பூட்டெல்லாம் புதுசு ஆச்சி, பயப்படாம போங்க" என்றேன். "சரிப்பா" என்றவர், கதவைத் திறந்ததும் தடியை உள்ளே நீட்டி இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார். இப்போதெல்லாம் நானும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.