வெயிலுக்குச் சுருதி மாறும் பெட்டி

கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் சுமார் 25 லட்சம் தகடுகள் வெயில் காய்கின்றன. வெயில் ஏற ஏற மின்சாரம் கூடும் என்றுதானே நினைப்போம்? ஒளி கூடினால் கூடும். சூடு கூடினால் குறையும்! தகட்டில் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.4 சதவீத உற்பத்தி போய்விடும். சிலிக்கானின் சுபாவம் அது. எண்பதுகளின் சிந்தசைசர் பாட்டுக்கு அந்தக் கிறக்கத்தைக் கொடுத்ததும் இதே சுபாவம்தான்.

சிந்தசைசருக்குள் தந்தி கிடையாது, காற்றுத் துளை கிடையாது. அலையியற்றி என்றொரு மின்சுற்று, இசைக்காரர்கள் வாயில் ஆசிலேட்டர், மின்னழுத்தத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஏற்றி இறக்குகிறது. ஸ்பீக்கர் அதை ஒலியாக்குகிறது. ஆனால் நம் காதின் கணக்கு விசித்திரமானது. கீழ் சட்ஜம் 220 அதிர்வு என்றால் மேல் சட்ஜம் 440, அதற்கும் மேலே 880. அதிர்வு இரட்டித்துக்கொண்டே போக, கட்டைகளின் மேல் விரல் நகர்வதோ ஒவ்வொரு முறையும் அதே தூரம். இந்தக் கூட்டலைப் பெருக்கலாக்குவது ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டர். 18 மில்லிவோல்ட் கூட்டிக் கொடுத்தால் அதில் ஓடும் மின்னோட்டம் இரட்டிக்கும். டார்ச் பேட்டரியின் அழுத்தத்தில் எண்பதில் ஒரு பங்குகூட இல்லை!

வெப்பம் குறும்பு செய்வது இங்கேதான். சுமார் 9 டிகிரி ஏறினால், யாரும் தொடாமலே மின்னோட்டம் இரட்டித்துவிடும். கீழ் சட்ஜம் மேல் சட்ஜமாகிவிடும். பங்குனிப் பகலில் ஒத்திகை பார்த்துவிட்டு ராத்திரி மேடையேறும் கமுதிக் கச்சேரிக்காரர் என்ன ஆவார்? பொறியாளர்கள் இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் ஒட்டிவைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சூடு. ஒன்றின் பிழையை மற்றது கழித்துவிடும். அப்படியும் கொஞ்சம் மிச்சம் நிற்கத்தான் செய்தது.

1981-இல் வந்த ரோலண்ட் ஜூபிடர்-8 சிந்தசைசரில் 16 அலையியற்றிகள். ஆளுக்கொரு பக்கம் நழுவும் இவற்றை இழுத்துப் பிடிக்க உள்ளே ஒரு நுண்செயலி உண்டு. பொத்தானை அமுக்கினால் எல்லாவற்றுக்கும் சுருதி சேர்க்கும். முழுக்கச் சேராததும் நல்லதுதான். ஒன்று 440, பக்கத்தில் ஒன்று 442 என்றால் ஒலி நொடிக்கு இரண்டு முறை பொங்கித் தணியும். அந்தப் பொங்கலைத்தான் ரசிகர்கள் 'கதகதப்பு' என்கிறார்கள்.

இந்த ஜூபிடர்-8 பெட்டியோடு டிபி-303 என்ற பேஸ் கருவி, டிஆர்-808 என்ற தாளக் கருவி இரண்டையும் சேர்த்து, இந்திப் படங்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அப்போது கேட்பாரில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகே உலகம் வியந்தது.

1983-இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. அலையை எண்களாகவே கணக்கிடும் கருவி. வெயில் அதை அசைக்காது. தமிழ்த் திரையில் 1986-இல் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினியையும் சிந்தசைசரையும் இசைக்கு இறக்கினார்.

இப்போது காற்று திரும்பிவிட்டது. பழைய ஒலியைத் தேடும் இண்டி குழுக்களுக்காக, துல்லியமான மென்பொருளில் வேண்டுமென்றே சுருதி நழுவலைச் சேர்த்து விற்கிறார்கள். எனக்கு அசல் பிழைதான் பிடித்திருக்கிறது. சரண்ஜித் சிங்கின் பைரவியை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.