காரைத் தாழ்த்தினால் பிடிமானம் கூடுமா?



உங்களில் பலருக்குக் கார் என்றால் உயிர். இது எனக்கு எப்படித் தெரியும்? பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தையும் பார்க்கிறேனே! அங்கே நீங்கள் வரைந்து வைத்திருக்கும் கார்கள் எல்லாம் தரையோடு ஒட்டித்தான் நிற்கின்றன. கார் தாழ்வாக இருந்தால் சாலையை நன்றாகப் பிடிக்கும், ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் வளைவில் பறக்கலாம் என்பது உங்கள் கணக்கு. என் தம்பியும் அப்படித்தான் நினைத்தான்.

அவன் பல ஆண்டுகள் பணம் சேர்த்து, பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கினான். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இருவர் அமரும் கார் அது. எடை ஏறக்குறைய 1,000 கிலோதான். நான்கு சக்கரங்களுக்கும் 'டபுள் விஷ்போன்' எனப்படும் இரட்டைக் கை அமைப்பு உண்டு. குதிரையும் வீரனும் ஒன்றாவது போலக் காரும் ஓட்டுநரும் ஒன்றாக வேண்டும் என்ற எண்ணத்தில் மாஸ்டா பொறியாளர்கள் அதை உருவாக்கினார்கள். அந்த வரிசைக் கார்கள் 2016-இல் பத்து லட்சத்தைத் தாண்டின.

தம்பி முதலில் செய்த வேலை, காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டது. "அப்சார்பர் இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஸ்பிரிங்க மட்டும் மாத்துனா போதும் தம்பி" என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலை மழையில், ஒரு சிறு பாலத்தின் வளைவில் திரும்பியிருக்கிறான். வேகம் அதிகமில்லை. பாலத்தின் இணைப்பில் சக்கரம் 'டங்' என்று மோதியது. பின்பக்கம் எகிறி, கார் எதிர்த்தடத்துக்குச் சறுக்கியது. நல்ல வேளை, எதிரே யாரும் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அவன் கை நடுக்கம் நிற்கவில்லை. "அண்ணே, புது ஸ்பிரிங் போட்டும் ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டான். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நாங்கள் போட்ட கணக்கைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சஸ்பென்ஷனின் உண்மையான வேலை

சஸ்பென்ஷன் என்றால் குலுங்காமல் போவதற்கான அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு உண்டு. டயரைச் சாலையோடு அழுத்தி வைத்திருப்பதுதான் அது. ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு உங்கள் உள்ளங்கை அளவுதான். உராய்வு விசை, டயரைச் சாலையோடு அழுத்தும் விசையைப் பொறுத்தது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். சக்கரம் ஒரு கணம் எகிறினால் அந்த அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பிடிமானமும் குறைகிறது. ஆகவே, எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது டயரைச் சாலையில் வைத்திருக்குமா?

தாழ்த்தும் ஸ்பிரிங்

படிவம் 5 இயற்பியலில் ஹூக் விதி வரும். ஸ்பிரிங்கை அழுத்தும் விசை, அது அமுங்கும் தூரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் உள்ள உடல்பகுதியின் எடை 220 கிலோ. அந்தச் சக்கரத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு, ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன். கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே நகர 7 சென்டிமீட்டர் இடம் உண்டு. அதற்கு மேல் போனால் 'பம்ப் ஸ்டாப்' என்ற ரப்பர் கட்டையில் மோதும்.

மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் ஆற்றலைச் சேமிக்கிறது. அந்த ஆற்றல், விறைப்பில் பாதியை அமுங்கிய தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். 7 சென்டிமீட்டருக்கு அது 49 ஜூல்.

இப்போது தம்பியின் புது ஸ்பிரிங்கைப் பாருங்கள். விறைப்பு 30 விழுக்காடு கூடுதல், அதாவது மில்லிமீட்டருக்கு 26 நியூட்டன். ஆனால், கார் 4 சென்டிமீட்டர் இறங்கிவிட்டதால் மிச்சமுள்ள இடம் 3 சென்டிமீட்டர்தான். அதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 12 ஜூல் வரும். ஸ்பிரிங் இறுகியும் அது தாங்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது! தூரம் வர்க்கமாக வருவதால், விறைப்பில் கிடைத்த ஆதாயம் தூரத்தில் இழந்ததை ஈடுகட்டவில்லை.

வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் அந்த 3 சென்டிமீட்டரிலும் பாதியைத் தின்றுவிடும். அந்த நேரத்தில் பாலத்தின் இணைப்பு வந்தால்? பம்ப் ஸ்டாப்பில் மோத வேண்டியதுதான். அந்தக் கணத்தில் காருக்குச் சஸ்பென்ஷனே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்த்துவதில் நன்மையே இல்லையா? உண்டு, ஆனால் சிறியது. வளைவில் உள்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கத்துக்கு மாறும். 1,000 கிலோ காரின் மேல் 5,000 நியூட்டன் பக்கவாட்டு விசை வந்து, ஈர்ப்பு மையம் 45 சென்டிமீட்டர் உயரத்திலும், இடது வலது சக்கர இடைவெளி 140 சென்டிமீட்டராகவும் இருந்தால், ஏறக்குறைய 1,600 நியூட்டன் சுமை இடம் மாறும். காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால் இது 1,460 ஆகும். குறைவது 9 விழுக்காடு. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இறுக்கமான ஸ்பிரிங் காரின் சாய்வைக் குறைக்கும். மொத்தச் சுமை மாற்றத்தை நிறுத்தாது.

அப்சார்பர்

ஸ்பிரிங் ஆற்றலைச் சேமிக்கும், ஆனால் செலவழிக்காது. தனியாக விட்டால் கார் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தை அடக்குவது அப்சார்பரின் வேலை. அதன் உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. படிவம் 4-இல் அலைகள் பாடத்தில் வரும் தணிவு இதுதான்.

ஆண்டுக்கணக்கில் ஓடிய அப்சார்பரில் எண்ணெய் கசியும், வால்வு தேயும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அதன் தணிப்பு பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காருக்குப் பொருந்தும் ஒரு தணிப்பு அளவை எடுத்து, உடல்பகுதி 10 சென்டிமீட்டர் அமுங்கி விடுபடுவதாகக் கணக்கிட்டோம். ஒரு முழு ஆட்டம் முடிந்தபின் மிஞ்சும் அசைவு இதுதான்:

புதிய அப்சார்பர், பழைய ஸ்பிரிங்: 1.4 சென்டிமீட்டர்.
தேய்ந்த அப்சார்பர், பழைய ஸ்பிரிங்: 3.9 சென்டிமீட்டர்.
தேய்ந்த அப்சார்பர், இறுக்கமான புது ஸ்பிரிங்: 4.3 சென்டிமீட்டர்.

மூன்றாவது வரியைப் பாருங்கள். அதுதான் தம்பியின் கார். இறுக்கமான ஸ்பிரிங்குக்கு இன்னும் வலுவான தணிப்பு தேவை. அவனோ, ஏற்கெனவே களைத்துப்போன அப்சார்பரிடம் கூடுதல் வேலையைக் கொடுத்துவிட்டான். மிக மோசமான கார், பணம் செலவழித்த கார்தான்!

காயில்ஓவர்

ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தொகுதியாக, உயரத்தைத் திருகி மாற்றும் வசதியுடன் வருவது காயில்ஓவர். இதில் பெரிய நன்மை, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது. விறைப்பு இரட்டிப்பாகி, 5 சென்டிமீட்டர் இடம் இருந்தால் தாங்கும் ஆற்றல் 50 ஜூல். பழைய 49 ஜூலுக்குச் சமம். கார் தாழ்ந்தும் பம்ப் ஸ்டாப்பில் எளிதில் மோதாது.

ஆனால், எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. காரின் இயல்பு அதிர்வெண், வினாடிக்கு 1.5-இலிருந்து 2.1 ஆட்டமாகக் கூடும். நாம் நடக்கும்போது உடல் வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை மேலும் கீழும் போகும். அதற்குக் குறைந்த ஆட்டம் நமக்கு இதமாக இருக்கும். அதைத் தாண்டினால் குலுக்கலாகத் தோன்றும். செப்பாங் ஓட்டப்பந்தயத் தடம் போன்ற வழவழப்பான தரையில் இது சிறப்பு. ஒட்டுப்போட்ட தாமான் சாலையில், ஒவ்வொரு சிறு பள்ளத்துக்கும் டயர் மேல்நோக்கித் துள்ளும். மலிவான தொகுதிகளில் இன்னொரு சிக்கல்: உயரத்தை மாற்றும் திருகு இருக்கும், நல்ல வால்வு இருக்காது.

ஆன்டி-ரோல் பார்

இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி இது. இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் கம்பி சும்மா சுழலும். ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கி எதிர்க்கும். அதனால் நேர்ச்சாலையில் சொகுசு கெடாமல் வளைவில் சாய்வு குறையும். பழைய காருக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல மாற்றம்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. பின்பக்கக் கம்பியை மட்டும் தடிமனாக்கினால் சுமை மாற்றத்தின் பெரும்பங்கு பின்சக்கரங்களுக்குப் போகும். பின்பக்கம் முதலில் வழுக்கும். நம் ஊர் மாலை மழையில் அது விளையாட்டல்ல.

யாரும் பார்க்காத ரப்பர்

சக்கரக் கைகள் காரோடு இணையும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கும். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பால் வெட்டிய மரத்தின் ரப்பர், இது போன்ற இடங்களில்தான் பல லட்சம் முறை முறுக்கியும் தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் வெப்பம், ஓசோன், எண்ணெய் ஆகியவை அதை மெல்லக் கெடுக்கும். 30 ஆண்டு ஆன புஷ் வெடித்திருக்கும். அப்போது சக்கரம், ஓட்டுநர் திருப்பாத திசைக்கும் சற்றே திரும்பும். வேறு எதை மாற்றினாலும் இது சரியாகாது.

பாலியூரித்தேன் புஷ் இறுக்கமானது, நீண்டநாள் உழைக்கும். ஆனால் அதிர்வையும் இரைச்சலையும் உள்ளே அனுப்பும், மசகு காய்ந்தால் கிறீச்சிடும். சாலையில் ஓடும் காருக்குப் புதிய ரப்பரே போதும். ஒரு நுட்பம்: இந்த ரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். கார் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் எடை இறங்கிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும்.

எதை முதலில் செய்வது?

எங்கள் கணக்கு சொன்ன வரிசை இது. முதலில் நல்ல டயர், புதிய புஷ். அடுத்து புதிய அப்சார்பர். பிறகு சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்ட். இவ்வளவும் செய்து ஓட்டிப் பார்த்து, இன்னும் வேண்டும் என்றால் ஆன்டி-ரோல் பார். பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்குத் தரமான காயில்ஓவர். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது பட்டியலில் கடைசி. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது பட்டியலிலேயே இல்லை; வெட்டிய ஸ்பிரிங் இருக்கையைவிட்டு நழுவக்கூடும். எதைச் செய்வதானாலும் மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் முதலில் பாருங்கள்.

தம்பி அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டான். பழைய உயரத்துக்கே புதிய ஸ்பிரிங், புதிய அப்சார்பர், புதிய புஷ். நிறுத்தி வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போன மாதம் என்னை ஏற்றிக்கொண்டு அதே பாலத்தின் மேல் போனான். அன்றும் சாலை ஈரம். இணைப்பில் ஒரே ஒரு 'தொப்'. அவ்வளவுதான். அவன் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை தளர்ந்ததைப் பார்த்தேன்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆய்வுக்கூட ஸ்பிரிங் ஒன்றில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று எண்ணுங்கள். இப்போது எடை மட்டும் தண்ணீரில் மூழ்கும்படி வைத்து மறுபடியும் எண்ணுங்கள். பிறகு சமையல் எண்ணெயில். அடுத்து, இன்னும் விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டி, மூன்றையும் திரும்பச் செய்யுங்கள். அட்டவணையை வரைந்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு, கடைசிப் பக்கத்தில் அந்தக் காரை வரையும்போது சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள்.