வேடந்தாங்கலில் வசந்தத்தின் அடையாளங்கள்

வசந்தம் என்றால் பனி உருகிப் பூ மலர்வது என்பது குளிர்நாட்டார் கண்ட காட்சி. நம் நாட்டிலோ அப்பருவம் கோடையின் வாயிலில் நிற்கிறது. மழையில் நிறைந்த ஏரி வற்றத் தொடங்குவதே அதன் முதல் அடையாளம். செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகத்திற்கு அருகே, ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புள்ள வேடந்தாங்கல் ஏரிப் பறவைச் சரணாலயத்தில் இதனை நன்கு காணலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், கூழைக்கடா முதலிய பறவைகள் ஏரிநீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றி நீர் நிற்கும்வரை நிலத்து விலங்குகள் கூட்டை எளிதில் அணுகா. மீனும் நத்தையும் அருகிலேயே கிடைக்கும்.

மாசி, பங்குனியில் காட்சி மாறுகிறது. வடநாடுகளிலிருந்து வந்து தங்கிய நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் விடைபெறுகின்றன. பனி விலகிய தம் நாட்டில் முட்டையிடுவதற்காகவே அவை திரும்புகின்றன. கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகிய நாரைக் குஞ்சுகளும் ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்குகின்றன. ஊர்ப்புறத்தில் புன்கு பழைய இலையை உதிர்த்துப் பளபளக்கும் தளிர் விடுகிறது. வேம்பு பூக்கிறது. ஆண்குயிலின் குரலும் ஓங்குகிறது. பெண்குயில் முட்டையிடுவது காகத்தின் கூட்டில் அல்லவா? அக்காகம் கூடு கட்டும் காலம் நெருங்கிவிட்டது.

இப்பருவத்தில்தான் ஒரு சிக்கல் எழுகிறது. ஆயக்கட்டுப் பயிருக்கும் நீர் வேண்டும். காலந்தாழ்த்திப் பொரித்த குஞ்சுகளுக்கும் நீர் வேண்டும். ஏரி முன்னதாகவே வறண்டால் அக்குஞ்சுகளுக்கு இரையும் குறையும், காவலும் குறையும்.

பறவையின் பயனை வேடந்தாங்கல் உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். எச்சம் கலந்த ஏரிநீரில் தழைச்சத்து மிகுதி. அது பாயும் வயலுக்கு அந்நீரே எருவாகும். ஆகவே 1790-களில் துருப்பினர் பறவைகளைச் சுட்டபோது, அவ்வூரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். 2022-ஆம் ஆண்டில் இவ்வேரி ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அவ்வூரார் கூட்டுறவின் சாரத்தைக் கடைப்பிடித்தனர். ஒருவன் பறவையைச் சுட்டால் இலாபம் அவனுக்கு மட்டுமே. யாவரும் காத்தால் எல்லோருடைய வயலும் விளையும். இது சரணாலயத்திற்கு மட்டும் உரிய பாடமன்று. ஏரிக்கரை மரத்தை வெட்டி ஏலம் விடுமுன், பாவடியில் நெசவாளர்க்கு நிழல் தரும் வேம்பையும் புன்கையும் சாய்க்குமுன், அவற்றால் ஆண்டுதோறும் வரும் பயனையும் அங்கத்தினர்கள் கணக்கிற் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மரத்தை விற்ற பணம் ஒருமுறை வரும். மரமோ ஒவ்வொரு பங்குனியிலும் தளிர்க்கும்.