ஒட்டு விட்ட வில்லை யார் கையில் கொடுக்கிறீர்கள்?

இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த இழுப்பில் அதே இடத்தில் மறுபடியும் அதே சத்தம். வீட்டிலேயே வில் செய்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சத்தம் இதுதான். நாணைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மரத்தின் மேல் ஒட்டிய ஃபைபர் கிளாஸ் பட்டைக்கு அடியில் நகம் அளவுக்கு ஒரு வெளுப்பு தெரியும். நாணயத்தால் தட்டினால் மற்ற இடங்களில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கிற ஒலி அங்கே மட்டும் பொத்தென்று கேட்கும். ஒட்டு விட்டுப்போயிருக்கிறது.

அமெரிக்காவில் கார் ஷெட்டையே பட்டறையாக்கி வில் செய்துகொள்கிறவர்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே வில் தொழிலுக்குள் ஃபைபர் கிளாஸ் நுழைந்தது. 1950-களிலேயே அது பரவிவிட்டது. மேப்பிள் மரத்திலோ மூங்கிலிலோ மெல்லிசாகச் சீவிய பட்டைகள் நடுவில் இருக்கும். முன்னும் பின்னும் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஃபைபர் பட்டை. எல்லாவற்றுக்கும் எபாக்ஸி தடவி, வளைவாக அறுத்த அச்சுக்கட்டையில் அடுக்கி, தீயணைப்புக் குழாய்த் துண்டில் காற்றடைத்து அழுத்துவார்கள். பிறகு பல்பு எரியும் மரப்பெட்டிக்குள் சில மணி நேரம் சூட்டில் வைப்பார்கள்.

இப்படிப் பிறந்த வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கம் நீளப் பார்க்கிறது, எய்பவரைப் பார்த்த பக்கம் சுருங்கப் பார்க்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பது ஒரு தாளின் கனமே உள்ள பசை. இருபது கிலோ இழுவை உள்ள வில் முழு இழுப்பில் ஏறக்குறைய 55 முதல் 60 ஜூல் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. அவ்வளவும் எய்பவரின் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிறது. பசை விட்டது என்றால் இதையெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலானோர் முதலில் தேடுவது பசைக் குப்பியைத்தான்.

முதலில் தேட வேண்டியது காரணத்தை. பிரிந்த பட்டையின் ஓரத்தைப் பல்குச்சியால் லேசாகத் தூக்கி உள்ளே பாருங்கள். பட்டையின் அடியில் மரநார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, மரம்தான் கிழிந்திருக்கிறது. பசை முழுதும் மரத்தில் தங்கி ஃபைபர் மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தால், ஒட்டும் முன் ஃபைபரைச் சரியாகத் தேய்த்துச் சுத்தம் செய்யவில்லை. விரல் எண்ணெய் பட்டிருந்தாலே போதும். பசை ஃபைபரோடு வந்து மரம் சுத்தமாக இருந்தால், தேக்கு, ரோஸ்வுட் மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரம் பசையைப் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் வறண்டு கிடந்தால், கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கிப் பசையை எல்லாம் வெளியே பிதுக்கிவிட்டார்கள். எபாக்ஸிக்கு அழுத்தம் வேண்டும், நெரிப்பு ஆகாது. மரவேலை தெரிந்தவர்கள்தான் இந்தத் தவற்றை அதிகம் செய்கிறார்கள், கதவு ஒட்டிய பழக்கத்தில்.

இன்னொரு காரணம் வெயில். அறைச் சூட்டிலேயே இறுகவிட்ட எபாக்ஸி பல 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடுகிறது. நாண் ஏற்றியபடியே பின் இருக்கையில் கிடக்கும் வில், யாரும் தொடாமலே பிரியும். சூட்டுப்பெட்டியில் வைத்து இறுக்கிய வில் இதைவிட நன்றாகத் தாங்கும். பெட்டி எதற்கு, இரண்டு நாள் காய விட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

இனி பழுதுபார்ப்பது. பிரிவு கைப்பிடி அருகிலோ நுனியிலோ ஓரிரு அங்குலம் மட்டும் இருந்து, ஃபைபர் மடியாமல், நெரியாமல் இருந்தால் முயலலாம். மெல்லிய உப்புத்தாளை நாடாவாகக் கிழித்து இடுக்குக்குள் விட்டு, அதன் சொரசொரப்பான பக்கம் முதலில் மரத்தைப் பார்க்கவும் பிறகு ஃபைபரைப் பார்க்கவும் வைத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். அசிட்டோன் நனைத்த துணி நாடாவால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். பசை உள்ளே போவதற்காகப் பட்டையை ஆப்பு வைத்து அகட்டக் கூடாது. ஒட்டியிருக்கிற பகுதியும் சேர்ந்து உரியும். அதற்குப் பதில் நேரம் எடுத்து இறுகும் எபாக்ஸியை எடுத்து, இளஞ்சூட்டில் வைத்தால் எண்ணெய்போல் ஓடும். அதை ஊசி இல்லாத சிரிஞ்சால் செலுத்தி, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைக் குறுக்கே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் கடைசி மூலைவரை போய்ச் சேரும். மறு ஓரத்தில் பசை எட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மெழுகுத்தாள் சுற்றி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இந்த வேலைக்குக் கிளாம்பைவிட டியூப் மேல். சுற்றுக்குச் சுற்று சீராக அழுத்தும், வில்லின் வளைவையும் கெடுக்காது. ஒரு முழு நாள் தொடாமல் விட்டு, பிறகு இளஞ்சூடு. இறுகியதும் அந்த இடத்தில் மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசையில் ஊற வைத்தால், பட்டை மறுபடி ஓரத்திலிருந்து உரிவதை அது தடுக்கும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைபர் தூசிக்குப் பயந்து முகக்கவசம் போடுகிறவர்கள், மரம் தேய்க்கும்போது அதைக் கழற்றிவிடுகிறார்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டிருப்பது மரத்தூசிதான். இறுகாத எபாக்ஸி கையில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. கையுறை இல்லாமல் அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள்.

நம் கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகுக்குப் பயன்படும் ரெசின் சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. வில்லுக்கு அது ஆகாது. பெரும்பாலும் அது பாலியெஸ்டர் ரெசின். மரத்திலும், ஏற்கெனவே இறுகிய ஃபைபரிலும் எபாக்ஸிபோல் கவ்வாது. ஒவ்வொரு எய்தலிலும் வளைந்து நிமிரும் வில்லில் அது வெடித்துவிடும்.

இருக்கிறவற்றில் மோசமானது சூப்பர் குளூ. தண்ணீர் மாதிரி இடுக்குக்குள் தானே ஓடிவிடும், ஒரு நிமிடத்தில் வெளுப்பு மறையும், வில் புதிதுபோல் தெரியும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இறுகிய சூப்பர் குளூ நொறுங்கும் தன்மை கொண்டது, அதிர்ச்சி தாங்காது. அது உள்ளே போனபிறகு எபாக்ஸிக்கும் அங்கே பிடிமானம் கிடைக்காது. மயிரிழைச் சிலாம்புக்கு அதையே பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லும் கைதேர்ந்தவர்களும் உண்டு. சிலாம்புக்குச் சரி.

மத்திய ஆசியாவிலும் துருக்கியிலும் கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் சேர்த்து வில் செய்தவர்கள் தோல் பசையையும் மீன் பசையையும் நம்பினார்கள். ஈரமும் சூடும் காட்டினால் அந்தப் பசை இளகும், திரும்ப ஒட்டலாம். இறுகிய எபாக்ஸியை அப்படிக் கரைத்துப் புதிதாகத் தொடங்க வழியில்லை. அதனால்தான் வளையும் பகுதியின் நடுவில் பிரிந்த வில்லுக்கு எந்த வைத்தியமும் வேண்டாம் என்கிறேன். அழுத்தம் மிக அதிகமாக உள்ள இடம் அது. ஒட்டிய வில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது என்று சிலர் சொல்வதை மறுக்கவில்லை. அவர்களுக்கு அந்த வில்லின் வரலாறு தெரியும். எந்தச் சத்தத்துக்கு நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

எனக்குக் கவலை அந்த வில் அடுத்துப் போகும் கையைப் பற்றித்தான். ஒட்டு விட்ட வில்லில் இழுவை குறைந்துவிடும். 'எனக்கு இனி ஆகாது, பையனுக்குச் சரியாக இருக்கும்' என்று எடுத்துக் கொடுக்கத் தோன்றும். இதைவிடத் தவறான கணக்கு இருக்க முடியாது. இழுவை குறைந்திருப்பதே உள்ளே ஏதோ விட்டுப்போன அடையாளம். அதோடு, வில் கையில் கிடைத்த பிள்ளைகள் முதலில் செய்வது அம்பில்லாமல் இழுத்து விடுவது. அம்பு இருந்தால் ஆற்றலின் பெரும் பங்கை அது எடுத்துக்கொண்டு போகும். இல்லாவிட்டால் அத்தனையும் வில்லின் மேல் பாதியிலும் கீழ் பாதியிலுமே திரும்பி அடிக்கும். நல்ல வில்லே அதில் உடையும். ஒட்டு போட்ட வில் உடைந்தால் ஃபைபர் ஊசி ஊசியாகப் பிளந்து பறக்கும், இழுப்பவரின் கண் இருக்கிற உயரத்தில். பெரியவர்களே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கயிறும் கப்பியும் கட்டித் தள்ளி நின்று இழுத்துச் சோதிக்க வேண்டிய பொருளைப் பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கொடுக்க மனம் வருகிறது?

விற்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே கறுப்பு வார்னிஷ் அடித்துவிட்டால் பழுது எங்கே என்று வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. பழுது பார்த்த இடத்தில் தேதியை எழுதிவையுங்கள், அழியாத மையில். பிள்ளைகளுக்கு ஆசை என்றால், நம் நாட்டுப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' பிரிவுக்குப் பயன்படும் மூங்கில் வில் இருக்கிறது. அதை ஒரு பயிற்சியாளர் பார்வையில் தொடங்கட்டும். நடுவில் பிரிந்த ஃபைபர் வில் வீட்டில் இருந்தால் பரணில் போடாதீர்கள், யாருக்கும் தராதீர்கள். ரம்பத்தை எடுத்து இரண்டாக அறுத்துவிடுங்கள்.