கண்டனூர் பையனும் கால்பந்து கிளப்பும்

2022 செப்டம்பர் 18. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம். 1888-ல் தொடங்கிய பழம்பெரும் போட்டி அது. ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே மும்பை சிட்டி அணியின் வலைக்குள் பந்தை அனுப்பினார் 21 வயது இளைஞர் ஒருவர். பெங்களூரு எஃப்.சி. 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த சீசன் முடிந்தபோது இந்தியன் சூப்பர் லீக்கின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. பெயர் சிவசக்தி நாராயணன். ஊர், காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கண்டனூர்.

செட்டிநாட்டுக்கு அது பெரிய பெருமை. ஆனால் அவர் சட்டையில் இருந்தது பெங்களூரு கிளப்பின் சின்னம்.

பெங்களூருவைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. செய்ய வேண்டியதை அவர்கள் செய்தார்கள். கேட்க வேண்டியது வேறு: சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு பையன் இதே போல் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தால், அவனைக் கண்டுபிடித்து, வளர்த்து, 20 வயதில் பெரிய மைதானத்தில் இறக்கிவிட ஒரு தொழில்முறை கிளப் என்னென்ன செய்ய வேண்டும்?

சிவசக்தி வந்த வழியைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கிறது. அவர் இளம் வயதில் பழகியது, முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் நடத்தும் கால்பந்துப் பள்ளியில். 1997-98 தேசிய கால்பந்து லீக்கில் எஃப்.சி. கொச்சின் அணிக்காக 10 கோல் அடித்து, அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர் என்ற பெயரைப் பெற்றவர் விஜயன். தொழில்முறை ஆட்டம் எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்த ஒருவர் தமிழகத்துச் சிறுவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். ஒரு வீரனின் கால் பழகும் வயதில் அவன் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு தனி மனிதர்தான், அல்லது பள்ளிக்கூடத்து பி.டி. சார். பெரிய கிளப்கள் வருவதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்த பாதி பெங்களூருவில் நடந்தது. அங்கே போனதும் அவரை நட்சத்திர வீரர் சுனில் சேத்ரிக்குப் பக்கத்தில் நிறுத்திவிடவில்லை. ரிசர்வ் அணியில் நவ்ஷாத் மூஸாவின் பயிற்சியில் ஆடவிட்டார்கள். பெங்களூரு மாவட்டச் சங்கத்தின் சூப்பர் டிவிஷன் லீக்கில், வேலைக்குப் போய்க்கொண்டே ஆடும் ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். 2022-ல் ரிலையன்ஸ் அறக்கட்டளையின் வளர்ச்சி லீக் கோவாவில் தொடங்கியபோது, இளம் வீரர்களுக்கான அந்தப் போட்டியின் முதல் பட்டத்தை வென்றதும் பெங்களூருதான். டூரண்ட் கோப்பையிலும் வாய்ப்பு, சூப்பர் லீக்கிலும் வாய்ப்பு. படிப்படியாக ஏற ஒரு ஏணி அங்கே இருந்தது. முந்தைய சீசனில் இதே விருதைப் பெற்ற மணிப்பூர்க்காரர் நவோரம் ரோஷன் சிங்கும் அதே கிளப்பின் இளையோர் அணிகள் வழியே வந்தவர்தான். இரண்டு சீசன்களில் இரண்டு பேர் என்றால் அதை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க முடியாது.

இந்திய கிளப்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இந்த 17 முதல் 20 வரையிலான வயது. 12 வயதுப் பையன்களுக்கு முகாம் நடத்துவது எளிது. படம் எடுக்கலாம், பெற்றோரிடம் கட்டணமும் வாங்கலாம். 18 வயதுப் பையனுக்குத் தேவைப்படுவது வேறு. வாரம் ஒரு கடுமையான ஆட்டம், தன்னைவிடப் பெரியவர்களோடு தோள் இடிக்கும் ஆட்டம், வேண்டும். அதற்கு ரிசர்வ் அணி வேண்டும்; அந்த அணி ஆட ஒரு லீக் வேண்டும்; இரண்டு வருடம் வெளியில் பேசும்படி எந்தப் பலனும் வராமல் பொறுத்திருக்கும் முதலாளியும் வேண்டும். இது இல்லாத கிளப் கீழே எத்தனை அகாடமி திறந்தாலும், அங்கே வளர்ந்த பிள்ளைகள் 17-ல் கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கீழ்ப்படியைப் பற்றிப் பேச வேண்டுமானால் காரைக்குடியிலேயே நின்று பேசலாம். இங்கே தரை செம்மண். கோடையில் கல்லாக இறுகும் தரையில் பந்து தாறுமாறாக எகிறும். தண்ணீர் வற்றிய கண்மாய்தான் பல ஊர்களில் மைதானம். ஊர்த் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி எழுவர் கால்பந்துப் போட்டி, அதுவும் மின்னொளியில் என்றால் கூட்டம் கட்டுக்கடங்காது. இந்த எழுவர் ஆட்டத்தைப் பயிற்சியாளர்களில் சிலர் ஏளனமாகப் பார்ப்பது சரியல்ல. சின்ன இடத்தில் ஆடும்போது பந்து காலுக்கு அதிக முறை வருகிறது. முடிவெடுக்க நேரம் குறைகிறது. உலகம் முழுக்கச் சிறுவர்களுக்குச் சின்ன மைதானத்தில், குறைந்த ஆட்களை வைத்துத்தான் ஆட்டம் சொல்லித்தருகிறார்கள். கிளப்பின் ஆள் ஒருவர் வருடம் முழுக்க இந்த மாவட்டங்களைச் சுற்றி, மின்னொளிப் போட்டிகளில் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்து பார்த்தால், நகரத்தில் ஒரே நாளில் நடத்தும் செலக்‌ஷனில் தெரியாதவர்கள் அங்கே தெரிவார்கள்.

ஒரு நாள் செலக்‌ஷனுக்கு இன்னொரு கேடும் உண்டு. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரு வருட வளர்த்தி வித்தியாசம். 12 வயதில் அது மிகப் பெரிது. உயரமானவனும் வேகமாக ஓடுகிறவனும் உள்ளே போகிறான், பந்தை அழகாக வைத்திருந்த சின்னவன் பஸ் ஏறி ஊர் திரும்புகிறான். ஐரோப்பிய அகாடமிகளின் பட்டியல்களை ஆராய்ந்தவர்கள் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அங்கே அதிகம் என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பையனை இரண்டு மூன்று வருடம் அவன் ஊரிலேயே பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதற்கு மருந்து.

ஊரிலேயே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் அகாடமிகளுக்கு நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: 12 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள்ளும், அதற்கு மேல் 16 வரை ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும் வசிக்க வேண்டும். 2012-ல் வந்த புதிய திட்டம் பெரிய அகாடமிகளுக்கு அதைத் தளர்த்தியது. ஆனால் விதிக்குப் பின்னால் இருந்த அக்கறை நியாயமானது. காரைக்குடியிலிருந்து சென்னை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். 11 வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் விடுதிக்கு அனுப்பச் சொல்வது குடும்பத்தின் மேல் கிளப் வைக்கும் பாரம். 14, 15 வயது வரை வீட்டுச் சாப்பாடும் உள்ளூர்ப் பள்ளியும் மாலைப் பயிற்சியும் போதும். வாரக் கடைசியில் வேனில் ஏற்றி மதுரைக்கோ திருச்சிக்கோ கூட்டிப்போய் ஆடவைக்கலாம். இரண்டும் இரண்டு மணி நேரத்துக்குள்தான். விடுதி அதற்குப் பிறகு. மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் நடத்துவது போன்ற நல்ல உறைவிட அகாடமிகள் தமிழகத்திலேயே வந்துவிட்டன. அங்கே போகும் பிள்ளை அதற்குள் ஆட்டத்தின் அடிப்படையோடு போக வேண்டும்.

அந்த அடிப்படையைப் போட ஆள் எங்கே? காரைக்குடியிலேயே இருக்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. தமிழகப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களைத் தயார்செய்து அனுப்பும் இடம் அது. ஒரு தொழில்முறை கிளப் அங்கே வருடந்தோறும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தொடக்கநிலைப் பயிற்சியாளர் உரிமப் படிப்பை நடத்தித் தந்து, கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டால், சில ஆண்டுகளில் தேவகோட்டை, திருப்பத்தூர், காளையார்கோவில் பள்ளிகளில் உரிமம் பெற்ற கால்பந்து ஆசிரியர்கள் இருப்பார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு சீசனில் தரும் சம்பளத்தின் பக்கத்தில் இந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

உள்ளூரை நம்பியே நிற்கும் கிளப்கள் வெளிநாட்டில் உண்டு. ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ் பாஸ்க் நாட்டில் பிறந்தவர்களையோ அங்கே ஆட்டம் பழகி வளர்ந்தவர்களையோ மட்டுமே சேர்க்கும் கிளப். ஸ்பெயின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. 2024-ல் ஸ்பானிய அரசர் கோப்பையை 40 ஆண்டுகளுக்குப் பிறகு வென்றது. 1971-ல் திறந்த அதன் லெசாமா பயிற்சி மையம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த மையத்துக்கு வெளியே, சுற்று வட்டாரத்துச் சின்னச் சின்ன ஊர் கிளப்களோடு அது போட்டிருக்கும் ஒப்பந்தங்கள்தான் நமக்குப் பாடம். சின்ன கிளப்புக்குப் பணமும் பயிற்சி உதவியும் போகிறது. திறமையான பிள்ளை உரிய வயதில் லெசாமாவுக்கு வருகிறான். ஊர் கிளப் அழிவதில்லை.

ஜெர்மனியின் வழி சட்டத்தின் வழி. 2000 யூரோ கோப்பையில் பிரிவின் கடைசி இடத்தில் முடிந்து அவமானப்பட்ட பிறகு, முதல் இரண்டு டிவிஷன்களின் 36 கிளப்களும் இளையோர் அகாடமி நடத்தினால்தான் உரிமம் என்று ஆக்கினார்கள். 2014-ல் உலகக் கோப்பை வந்தது.

இனி பணம். ஒரு பையனை வளர்த்த ஊர்ப் பள்ளிக்கு அவன் பெரிய ஆளான பிறகு என்ன கிடைக்கும்? ஃபிஃபாவின் விதி இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. ஒப்பந்தக் காலத்திலேயே ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறும்போது, மாற்றுத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். ஒரு கோடி ரூபாய்க்கு மாறினால் 5 லட்சம். அதில் 12 முதல் 15 வரையிலான ஒவ்வொரு வருடத்துக்கும் 25,000. 16 முதல் 23 வரை வருடத்துக்கு 50,000. நான்கு சின்ன வயது வருடங்களும் ஒரே இடத்தில் பழகியிருந்தால் அந்த இடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். காரைக்குடியில் ஒரு பயிற்சி மையத்துக்குப் பந்தும் வலையும் ஷூவும் வாங்க உதவும் தொகை.

ஆனால் இந்தப் பணம் பதிவு பெற்ற கிளப்புக்குத்தான் போகும். பையனின் பெயர் அந்த வருடங்களில் அந்த கிளப்பில் பதிவாகியிருக்க வேண்டும். கண்மாய்க் கரையில் விசிலோடு நிற்கும் மனிதருக்குக் காகிதம் எதுவும் இல்லை. எனவே பணமும் இல்லை. மேலும் நம் வீரர்கள் பெரும்பாலும் மாறுவது இந்தியாவுக்குள்ளேயே. உள்நாட்டு மாற்றங்களில் வளர்த்தவருக்கு என்ன பங்கு என்பதை அந்தந்த நாட்டுச் சங்கம்தான் விதியாக்கி, வசூலித்தும் தர வேண்டும். இதில் சம்மேளனம் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதற்குக் காத்திராமல் ஒரு கிளப் தானாகவே செய்யக்கூடியதும் உண்டு: ஊர்ப் பயிற்சி மையங்களைச் சங்கத்தில் பதிவுசெய்யத் துணை நிற்பது, அங்கிருந்து வரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே அந்த மையத்துக்கு ஒரு தொகை என்று எழுதிக்கொடுப்பது. முதல் பயிற்சியாளருக்குத் தர வேண்டியதைத் தராத கிளப் உள்ளூர் வீரர்களை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

தமிழகம் ஒரு நல்ல உதாரணத்தையும் அதன் முறிவையும் கண்டிருக்கிறது. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது சென்னை சிட்டி எஃப்.சி. கோல்களை அதிகம் அடித்தவர் பெத்ரோ மான்ஸி என்றாலும், எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழகத்துப் பிள்ளைகள் அந்த அணியின் தூண்களாக இருந்தார்கள். அதற்கு முன்பு அங்கே ஆடிய குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று மேலே போனார். 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி தேசிய லீக்கில் இல்லை. வன்ஸ்பாலும் ரொமாரியோவும் அதற்கு முன்பே சூப்பர் லீக் அணிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வர வேண்டியவர்களுக்கு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அதனால்தான் இளையோர் பிரிவின் பணத்தை முதன்மை அணியின் லாப நஷ்டத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சூப்பர் லீக்கின் எதிர்காலமே தெரியாமல் போனபோது பெங்களூரு கிளப் முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. இளையோர் அணிகளும் கால்பந்துப் பள்ளிகளும் இதனால் பாதிக்கப்படாது என்பதை அதே அறிவிப்பில் சேர்த்தே சொன்னது. கஷ்ட காலத்தில் எதை முதலில் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்தால் ஒரு கிளப்பின் எண்ணம் தெரிந்துவிடும்.

எவ்வளவு நன்றாக நடத்தினாலும், அகாடமிக்குள் போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகப் போவதில்லை. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் 2022-ல், அகாடமியிலிருந்து விடுவிக்கும் இளைஞர்களுக்கு மூன்று ஆண்டுகள் துணை நிற்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. நம் ஊரில் அந்தத் துணை இன்னும் அவசியம். பத்தாம் வகுப்புத் தேர்வு சமயத்தில் பயிற்சியைக் குறைப்பது, கல்லூரியில் இடம் வாங்கித் தருவது, ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, வங்கி அணிகளின் தேர்வுக்குத் தயார்செய்வது, தமிழக அரசின் விளையாட்டு இட ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்களை ஒழுங்காகச் சேர்த்து வைத்துக் கொடுப்பது என்று எல்லாமே கிளப் அலுவலகத்தின் வேலையாக இருக்க வேண்டும். ஆட்டத்தில் நின்றுபோன பையன் நாளைக்குப் பயிற்சியாளராகவோ நடுவராகவோ திரும்பி வருவான், மரியாதையோடு அனுப்பியிருந்தால்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வரைபடத்தில் தனிக் கோடு தேவையில்லை, அதே மைதானமும் அதே வேனும் போதும். சிவகங்கைக்குப் பக்கத்து மாவட்டமான மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தை ஆண்டிருக்கிறார். காரைக்குடியில் ஒரு கிளப் மையம் திறக்கிறது என்றால் முதல் நாளே பெண்களுக்கும் பதிவேடு திறக்க வேண்டும். மகளிர் லீக் ஏற்கெனவே நடக்கிறது. அதில் ஆட வேண்டிய பிள்ளைகள் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள்.